வியர்வையும் நோயாகலாம்



நாளைக்கு மூன்று முறை உடுப்பு மாற்றுவதாக ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கல்யாண வீட்டிலும் ஒதுங்கியே நிற்கிறாராம். "ஒழுங்காகக் குளிப்பதில்லை" என்று சொந்த வீட்டிலேயே பேச்சாம். வியர்வையால் வுழூ முறியுமா, அதற்கு விஷ ஊசி போடலாமா என்று கேட்கிறார்.

வுழூ முறியாது. வியர்வை நஜீஸுமல்ல. இது துப்புரவுக் குறையுமல்ல. வியர்வைச் சுரப்பிகளை நரம்புகள் அளவுக்கு மீறித் தூண்டும் ஒரு நோய். இதற்காக ஒரு பெண்ணைக் குத்திப் பேசுவதுதான் பாவம்.

ஊசியின் கதை வியப்பானது. கெட்டுப்போன சொசேஜ் தின்று நோயுற்றவர்களை ஆராய்ந்தவர் யுஸ்டினஸ் கேர்னர் என்ற ஜேர்மன் வைத்தியர். (கவிஞரும்கூட!) அவர்களுடைய வாயும் தோலும் வரண்டிருக்கக் கண்டு, இந்நஞ்சைச் சிற்றளவில் கொடுத்தால் மிதமிஞ்சிய சுரப்பை அடக்கலாமென 1822 ஆம் ஆண்டிலேயே எழுதினார். அக்குள் வியர்வைக்கு அமெரிக்கா 2004 இல்தான் அனுமதித்தது. ஓயாது எச்சில் வடியும் நோய்க்கும் இன்று இதைப் பாவிக்கிறார்கள்.

தோலினுள் பல இடங்களில் மிகச் சிறிதளவு ஏற்றுவார்கள். பல மாதங்கள் தாங்கும். பிறகு மீண்டும் போட வேண்டும். செலவும் அதிகம்.

நஞ்சு கலந்த மருந்தாயினும், பாதுகாப்பே மிகைத்திருந்தால் கூடுமென்பது நமது இமாம்களின் விளக்கம். ஆனால் அழகு நிலையத்தில் வேண்டாம். தோல் வைத்திய நிபுணரிடமே போங்கள். தைரொயிட் கோளாறு உண்டா என்றும் பார்ப்பார், அலுமினியம் குளோரைட் பூச்சை முதலில் தருவார். கர்ப்பிணியாகவோ பாலூட்டுபவராகவோ இருந்தால் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.