வெயிலில் சுருண்டவர் தலையில் வினையைச் சுமத்தாதீர்

மாசி, பனி இறங்கும் மாதம். விடியற்காலையில் போர்வையை இழுத்து மூட வேண்டிய அந்த மாதத்திலேயே இப்போது பகல் பதினொரு மணிக்குத் தார்ச்சாலையில் கால் வைக்க முடிவதில்லை. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் பதிவேடு 1901-இல் தொடங்குகிறது. அதில் பகல் வெப்பத்தின் சராசரி மிக உயர்ந்த பிப்ரவரி 2023-இல் வந்தது. இரண்டே ஆண்டு கழித்து, இரவையும் பகலையும் சேர்த்த சராசரியில் 2025 பிப்ரவரி உச்சத்துக்குப் போனது. அதற்கு முன் 2022 மார்ச்சில் அடித்த வெயிலில் வடக்கே பால் பிடிக்கும் பருவத்தில் இருந்த கோதுமைக் கதிர்கள் சுருங்கின. மே மாதம் ஒன்றிய அரசு கோதுமை ஏற்றுமதிக்கே தடை போட்டது. கத்திரி பிறக்க வாரக்கணக்கில் நாள் கிடக்கும்போதே வெயில் இப்படி வாட்டத் தொடங்கிவிடுகிறது.

வெயில் முந்தி வரும் ஆண்டுகளில் கூடவே ஒரு பேச்சும் கிளம்புகிறது. சொற்பொழிவு மேடையிலும், காலைநேரத் தொலைக்காட்சியிலும், கைபேசியில் சுற்றும் காணொளிகளிலும் அதைக் கேட்கிறோம்: “எல்லாம் கர்மவினை. செய்த பாவத்தை அனுபவிக்கிறார்கள்.” இதைக் கடுமையாகக் கண்டிக்கிறோம். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் “என் தலையெழுத்து” என்று மாரில் அடித்துக்கொண்டு அழுதால் அவளோடு வழக்காட யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் குளிரூட்டிய அரங்கில் அமர்ந்து, ஒலிபெருக்கி வைத்து, வெயிலில் செத்தவனின் முற்பிறவியைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது கொடுமை. அது பொய்யும்கூட.

கர்மம் உண்டா, இல்லையா? மறுபிறவியை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். அதில் தலையிட நாம் வரவில்லை. நம்புகிறவர்கள் தங்கள் மரபையாவது ஒழுங்காகப் படித்துவிட்டு வாருங்கள் என்கிறோம். பௌத்தத்தின் சம்யுத்த நிகாயத்தில் மோலியசீவகன் என்ற துறவி புத்தரிடம் இதே கேள்வியோடுதான் வருகிறான். மனிதன் படும் இன்பதுன்பமெல்லாம் முன்வினையால்தான் என்கிறார்களே, அது சரியா என்று கேட்கிறான். சரியில்லை என்கிறார் புத்தர். பித்தத்தால் வரும் துன்பம் உண்டு, கபத்தால் உண்டு, வாதத்தால் உண்டு. பருவநிலை மாறுவதால் வருவதும் உண்டு என்று தனித்தனியாகப் பிரித்துக் காட்டி, எல்லாவற்றையும் வினையின் கணக்கில் எழுதுகிறவர்கள் கண்ணால் காண்பதையே மீறிப் பேசுகிறார்கள் என்கிறார். கர்மக் கொள்கையை ஏற்றுக்கொண்ட ஆசான், பருவத்தின் வெம்மையை வினையிலிருந்து பிரித்து வைத்திருக்கிறார். இன்றைய பேச்சாளருக்கு அந்தப் பொறுப்புக்கூட இல்லை.

நம் மண்ணிலேயே இதற்கு ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. 1934 ஜனவரி 15-இல் பீகார் நிலநடுக்கத்தில் ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். அதே மாதம் திருநெல்வேலியில் பேசிய காந்தி, தீண்டாமை என்ற பாவத்துக்குக் கிடைத்த தண்டனை அது என்றார். தீண்டாமை எதிர்ப்பில் காந்தியோடு உடன்பட்டு நின்ற தாகூரால் இதை ஏற்க முடியவில்லை. இயற்கையின் நிகழ்வுக்கு அறத்தீர்ப்பு எழுதுவது மக்களின் பகுத்தறிவைக் கெடுக்கும் என்று மறுத்து எழுதினார். காந்தி தம் கருத்தை விடவில்லை. ஆனாலும் அந்த மறுப்பைத் தம்முடைய ‘ஹரிஜன்’ இதழிலேயே அச்சிட்டார். இன்று பேசுகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்த நேர்மை இருக்கிறது?

வெயிலின் காரணம் மறைபொருளாக ஒளிந்திருக்கவில்லை. நிலக்கரியும் எண்ணெயும் எரிந்து காற்றில் சேர்ந்த கரியமில வாயு வெப்பத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. 2022-இன் அந்த மார்ச், ஏப்ரல் வெயிலை ஆராய்ந்த அறிவியலாளர் குழு, மனிதர் உண்டாக்கிய புவி வெப்பத்தால் அதன் வாய்ப்பு ஏறக்குறைய 30 மடங்கு கூடியிருக்கிறது என்று கணித்தது. வினை என்று சொல்ல வேண்டுமானால் இதைச் சொல்லுங்கள். ஆனால் செய்தவன் யார், அனுபவிப்பவன் யார்? ஓர் அமெரிக்கர் ஆண்டுக்கு ஏறக்குறைய 14 டன் கரியமில வாயுவுக்குக் காரணமாகிறார். ஓர் இந்தியர் சுமார் 2 டன்னுக்கு. அந்த இரண்டு டன்னும் சராசரிதான். மிதிவண்டியில் வேலைக்குப் போகும் கொத்தனாரின் பங்கு அதிலும் சொற்பம். செய்தவனைத் தேடி வந்து சேர வேண்டிய வினை, வழிமாறிச் சித்தாளின் தலையில் இறங்குமா?

அந்தச் சித்தாளைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். சும்மாட்டின் மேல் சாந்துச்சட்டி, காலடியில் கொதிக்கும் தளம். தாகம் வாட்டினாலும் அவள் தண்ணீர் குடிப்பதில்லை; குடித்தால் ஒதுங்க அங்கே கழிப்பறை கிடையாது. சென்னை ஸ்ரீராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிப் பெண்களைத் தொடர்ந்து கவனித்து, 2024-இல் முடிவை வெளியிட்டார்கள். கடும் வெப்பத்தில் வேலை செய்த பெண்களுக்குக் கரு கலைவதும் குழந்தை இறந்து பிறப்பதும் ஏறத்தாழ இரண்டு மடங்கு. பிறக்காத அந்தச் சிசு என்ன பாவம் செய்தது என்று மேடையில் இருப்பவர் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும்.

‘விதி’ என்ற பேச்சு யாருக்கு வசதி என்பதையும் சொல்லியாக வேண்டும். கூரை போடாத ஒப்பந்ததாரருக்கு வசதி. சட்டத்தைத் தூங்க விட்ட அதிகாரிக்கு வசதி. 2005-இன் ஊரக வேலை உறுதிச் சட்டம் பணியிடத்தில் குடிநீரும், இளைப்பாற நிழலும், முதலுதவிப் பெட்டியும் இருக்க வேண்டும் என்றது. எத்தனை ஏரிக்கரையில் அந்த நிழலைப் பார்த்தோம்? வெப்ப அலையை மாநிலப் பேரிடராக 2024 அக்டோபரில் அறிவித்த தமிழ்நாடு அரசு, அதில் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்றது. நல்ல முடிவு. ஆனால் சாவுக்குக் காரணம் வெயில் என்று ஏட்டில் ஏறினால்தான் அந்தப் பணம். உச்சிவெயிலில் சுருண்டு விழுந்தவரை ‘மாரடைப்பு’ என்று எழுதி மூடிவிட்டால் அறிவிப்பு காகிதத்தோடு போயிற்று.

எனவே, மேடையிலும் திரையிலும் இப்படிப் பேசியவர்கள் அந்தப் பேச்சைத் திரும்பப் பெற வேண்டும். ஒளிபரப்பிய தொலைக்காட்சிகள் அதே நேரத்தில், அதே நிகழ்ச்சியில் திருத்தம் சொல்ல வேண்டும்; பின்னிரவில் ஓரமாக ஓடும் ஒருவரி அறிவிப்பு போதாது. வெயில் நேரத்தில் பணியிடத்தில் நிகழும் ஒவ்வொரு சாவிலும் உடல் வெப்பத்தைக் குறித்து, முறையாக உடற்கூறாய்வு செய்யும்படி மருத்துவமனைகளுக்கு அரசு ஆணையிட வேண்டும். கடை ஊழியருக்கு உட்காரும் உரிமையை 2021-இல் சட்டமாக்கிய மாநிலம் இது. திறந்தவெளியில் உழைப்பவருக்கு நண்பகல் பன்னிரண்டு முதல் மூன்று மணி வரை கூலி பிடிக்காத ஓய்வையும் சட்டமாக்க அதனால் முடியும். கத்திரி பிறந்த பிறகு சுற்றறிக்கை அனுப்பிப் பயனில்லை. மாசியிலேயே அந்த ஓய்வு நடைமுறைக்கு வந்தாக வேண்டும்.