படபடப்பு நம் தலைவிதி அல்ல

தோழர்களே, உழைக்கிற வீட்டுப் பெண் மெலிந்தால் "சாப்பாடு பத்தலை" என்கிறார்கள். வியர்த்துக் கொட்டினால் வெயில். நெஞ்சு படபடத்தால் பயம். தூக்கம் கெட்டால் காத்துக் கருப்பு. எல்லாவற்றுக்கும் காரணம் கைவசம் இருக்கிறது, ஒரு ரத்தப் பரிசோதனைதான் இல்லை. இப்படிச் சொல்லப்படும் காரணங்களுக்குப் பின்னால் மறைந்துகொள்ளும் நோய்களில் ஒன்று, தைராய்டு மிகையாகச் சுரப்பது.

தைராய்டு என்றாலே உடம்பு பெருத்துப்போகும் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். அது சுரப்பு குறைந்தால் வருவது. கழுத்தின் முன்பக்கம் இருக்கும் அந்தச் சுரப்பி அளவுக்கு மீறிச் சுரந்தால் நடப்பது நேர் எதிர். நன்றாகச் சாப்பிட்டும் எடை குறையும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே இதயம் வேகமாக அடிக்கும். மற்றவர்களுக்குக் குளிரும்போது இவர்களுக்குப் புழுங்கும். கை நடுங்கும், எரிச்சல் வரும், அடிக்கடி மலம் போகும், மாதவிடாய் தள்ளிப்போகும் அல்லது குறையும். தொடையில் வலுவிழந்து படி ஏறவே சிரமப்படுவார்கள். சிலருக்குக் கழுத்து வீங்கும், கண் முன்தள்ளும்.

இந்த நோய்க்கு முக்கியக் காரணமான கிரேவ்ஸ் நோயை, அயர்லாந்து மருத்துவர் ராபர்ட் கிரேவ்ஸ் 1835இல் விவரித்தார். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தூண்டிவிடும் நோய் அது. ஆண்களைவிடப் பெண்களைப் பல மடங்கு தாக்குகிறது. அந்தக் காலத்தில் இதை நரம்புத் தளர்ச்சி, ஹிஸ்டீரியா என்று ஒதுக்கினார்கள். நம் ஊரில் இன்றும் அதே பேச்சுதான். கை நடுங்கும் விடுதி மாணவனுக்குப் 'போதைப் பழக்கம்' என்று பட்டம். தூங்காத பெண்ணுக்கு மந்திரிப்பு. புறநோயாளி வரிசையில் இரண்டு நிமிடம் கிடைக்கும் ஏழைக்குச் சத்து மாத்திரை.

சந்தேகம் வந்தால் என்ன செய்யலாம்? இரண்டு கைகளையும் நீட்டி, விரல்களை விரித்து, மேலே ஒரு தாளை வைத்துப் பாருங்கள். மெல்லிய நடுக்கம் இருந்தால் தாள் காட்டிக்கொடுத்துவிடும். ஓய்வாக இருக்கும்போது நாடித் துடிப்பை எண்ணுங்கள். நிமிடத்துக்கு 100ஐத் தாண்டினால் அலட்சியம் வேண்டாம். இவை மட்டுமே நோயை உறுதி செய்யாது. ரத்தசோகையிலும் படபடப்பு வரும், காசநோயிலும் எடை குறையும். அதனால்தான் டி.எஸ்.எச். பரிசோதனையைக் கேட்டு வாங்க வேண்டும். இந்த நோயில் பெரும்பாலும் டி.எஸ்.எச். குறைந்திருக்கும், டி3, டி4 கூடியிருக்கும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இதற்கு வழி உண்டு.

சிகிச்சை இருக்கிறது: மாத்திரை, கதிரியக்க அயோடின், அறுவை. கார்பிமசோல் சாப்பிடுகிறவருக்குக் காய்ச்சலும் தொண்டை வலியும் வந்தால், மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரிடம் போய் ரத்த வெள்ளணுக்களைப் பார்க்கச் சொல்ல வேண்டும். அபூர்வம்தான், ஆனால் உயிர் சம்பந்தப்பட்டது. நோயைக் கவனிக்காமல் விட்டால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், எலும்பு தேயும், பக்கவாதம் வரைக்கும் போகலாம்.

கூலிக்கும் இட ஒதுக்கீட்டுக்கும் குரல் கொடுக்கும் நாம் உடம்பை மட்டும் விதியிடம் விட்டுவிடுகிறோம். "எனக்கு என்ன நோய்?" என்று கேட்பதும் உரிமைதான். அடுத்த முறை உங்கள் தெருவில் மருத்துவ முகாம் நடந்தால் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்தால் போதும் என்று விடாதீர்கள். மெலிந்து, படபடத்து நிற்கும் அக்காவை முன்னால் அழைத்துப்போய், தைராய்டு பரிசோதனைக்கு எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.