இல்லைன்னு சொன்னா போதுமா? ஏன் இல்லைன்னு சொல்ல வேணாமா?

போன ஞாயித்துக்கிழமை ராஜபாளையத்துல வீட்டுல சும்மா உட்கார்ந்திருந்தேன். சும்மா இருந்தா கை அரிக்குமே! புதுசா லினக்ஸ் போட்ட லேப்டாப்ல கர்னல் கம்பைல் பண்ணலாம்னு ஆரம்பிச்சேன். பழைய கம்ப்யூட்டர்ல இருந்த கான்ஃபிக் ஃபைலை எடுத்து வச்சு, 'மேக் ஓல்ட்டெஃப்கான்ஃபிக்' கொடுத்தேன். ஒரு எரர் இல்லை, ஒரு வார்னிங் இல்லை. கம்பைல் ஆச்சு, பூட்டும் ஆச்சு. அம்மா வச்ச மீன் குழம்பைச் சாப்பிட்டுத் தூங்கியும் எழுந்தாச்சு.

சாயங்காலம் எதேச்சையா பழைய கான்ஃபிக்கையும் புதுசையும் ஒப்பிட்டுப் பார்த்தா, பகீர்னு ஆயிடுச்சு. ஜிசிசி பிளகின் சம்பந்தப்பட்ட வரிகளே காணோம். சிஸ்டம் கால் முடிஞ்சதும் கர்னல் ஸ்டாக்கைத் துடைச்சு விடற 'ஸ்டாக்லீக்' பாதுகாப்பும் அதோட சேர்ந்து போயே போச்சு. காரணம்? பிளகினுக்கான ஹெடர் ஃபைல்கள் இருக்கற ஒரு குட்டிப் பேக்கேஜை நான் இன்ஸ்டால் பண்ணலை. அவ்வளவுதான். கம்பைலருக்குத் திறமை இல்லாம இல்லை, ஒரு ஃபைல் இல்லை. ஆனா பில்ட் சிஸ்டம் எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்கலை. அந்த ஆப்ஷனே உலகத்துல இல்லாத மாதிரி மெனுவுல இருந்து தூக்கிட்டு, கமுக்கமா வேலையைப் பார்த்திருக்கு.

இதைத்தான் நான் அயோக்கியத்தனம்ங்கறேன்.

விஷயம் தெரியாதவங்களுக்குக் கொஞ்சம் விளக்கம். உங்க கம்பைலருக்கு என்னென்ன தெரியும்னு கர்னல் கண்டுபிடிக்க ரெண்டு வழி. ஒண்ணு, வெர்ஷன் நம்பரைப் பார்க்கறது. இன்னொண்ணு, நிஜமாவே ஒரு துக்கடா ப்ரோக்ராமைக் கம்பைல் பண்ணிப் பார்க்கறது. எங்க பக்கத்து ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவை வச்சுச் சொன்னா சுலபமா புரியும். எந்த ஊர் பஸ் ஸ்டாண்டுக்குப் போனாலும் 'ஒரிஜினல் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா'ன்னு போர்டு தொங்கும். போர்டைப் பார்த்து வாங்கறது வெர்ஷன் நம்பரை நம்பறது. ஒரு துளி வாயில போட்டுப் பார்த்து வாங்கறது சோதனை. சோதனைதான் உசத்தி, அதுல எனக்குச் சண்டை இல்லை.

ஆனா நாக்கு நல்லா இருக்கணுமில்ல? காய்ச்சல்காரனுக்குப் பால்கோவாவும் கசக்கும். அவன் 'இது பால்கோவாவே இல்லை'ன்னு தீர்ப்புச் சொன்னா ஒத்துக்குவீங்களா?

கர்னலோட 'சிசி-ஆப்ஷன்' இப்படித்தான் தீர்ப்புச் சொல்லுது. ஒரு காலி ஃபைலைக் குறிப்பிட்ட ஃபிளாகோட கம்பைல் பண்ணும். பாஸ் ஆனா 'உண்டு', ஃபெயில் ஆனா 'இல்லை'. ஏன் ஃபெயில் ஆச்சுன்னு கம்பைலர் கத்தற கத்தலை எல்லாம் /டெவ்/நல்-ல கொட்டிடும். ஃபிளாகே தெரியாம ஃபெயில் ஆனாலும், டெம்ப் ஃபைல் எழுத டிஸ்க்ல இடமில்லாம ஃபெயில் ஆனாலும், அதுக்கு ரெண்டும் ஒண்ணுதான்.

2018-ல 4.18 கர்னல்ல மசாஹிரோ யமாடா இந்தச் சோதனைகளை மேக்ஃபைல்ல இருந்து கேகான்ஃபிக்குக்குக் கொண்டு வந்தார். அருமையான வேலை. ஆப்ஷனைத் தேர்ந்தெடுக்கும்போதே கம்பைலரால முடியுமான்னு தெரிஞ்சுடும். ஆனா அதோட பக்கவிளைவு, சோதனை தப்பாப் போனா ஆப்ஷனே மாயமாகிடும். முன்னாடி பில்ட் நடுவுல உடைஞ்சு நம்மளைத் திட்ட வைக்கும். இப்ப சிரிச்சுக்கிட்டே கழுத்தறுக்குது.

உடையறது எவ்வளவோ நல்லதுங்க. 2022 பிப்ரவரில பின்யூடில்ஸ் 2.38 வந்தப்ப என்ன ஆச்சு? ரிஸ்க்-வி அடிப்படைத் தொகுப்புல இருந்த சில இன்ஸ்ட்ரக்ஷன்களை ஸிசிஎஸ்ஆர், ஸிஃபென்ஸ்ஐ-ன்னு தனியாப் பிரிச்சதை அந்த வெர்ஷன் அப்படியே எடுத்துக்கிச்சு. உடனே ரிஸ்க்-வி கர்னல் பில்ட் டமால். கம்பைலருக்கு இந்தப் பேரெல்லாம் தெரியுமான்னு சோதிச்சு, தெரிஞ்சா சேர்த்துக்கற மாதிரி சுருக்கா ஒரு திருத்தம் வந்துச்சு. அப்புறம் கம்பைலர் ஒரு வெர்ஷன், அசெம்பிளர் வேற வெர்ஷன்னு கலந்து வச்சிருந்தவங்களுக்கு அதுவும் பத்தலை. 2023-ல அசெம்பிளர் வெர்ஷனையும் சேர்த்துப் பார்க்கற மாதிரி கேகான்ஃபிக்ல மாத்தினாங்க. சத்தம் போட்டு உடைஞ்சதாலதான் இவ்வளவு சீக்கிரம் சரியாச்சு. ரிஸ்க்-வி யாருக்கோ எங்கேயோன்னு நினைக்காதீங்க. நம்ம சென்னை ஐஐடியோட சக்தி ப்ராசஸரும் ரிஸ்க்-வி தான்.

சத்தமில்லாம உடைஞ்சா என்ன ஆகும்ங்கறதுக்கு 2024 எக்ஸ்இசட் விவகாரம் சாட்சி. கர்னல் தர்ற 'லேண்ட்லாக்' பாதுகாப்பு இருக்கான்னு பார்க்கற சோதனை ப்ரோக்ராம்ல அந்தக் களவாணி ஒரே ஒரு புள்ளி வச்சான். ஆமாங்க, ஒரு புள்ளி! அதனால ப்ரோக்ராம் எந்தக் கம்பைலர்லயும் கம்பைல் ஆகாது. சிமேக்ல பில்ட் பண்ணினா 'லேண்ட்லாக் இல்லை'ன்னு கமுக்கமா முடிவு பண்ணிடும். பூட்டை அவன் உடைக்கலை. இந்த வீட்டுக்குக் கதவே கிடையாதுன்னு நம்ப வச்சுட்டான். 'இல்லை'ங்கற பதிலுக்குக் காரணம் கேட்காத பழக்கம்தான் அவனுக்கு மூலதனம்.

'தம்பி, பழைய கம்பைலர்லயும் கர்னல் பில்ட் ஆகணும். ஒவ்வொரு இல்லைக்கும் நின்னு அழுதா வேலை ஓடுமா?'ன்னு பெரியவங்க கேட்பாங்க. நியாயம்தான். எல்லாத்துக்கும் நிக்கச் சொல்லலை. நான் 'வேணும்'னு கான்ஃபிக்ல எழுதி வச்ச ஒண்ணை எடுத்தா மட்டும் சொல்லுங்கறேன். ஹோட்டல்ல வடை தீர்ந்துட்டா 'வடை இல்லை சார்'ன்னு சொல்றதில்லையா? சொல்லாம பில்லை மட்டும் கொண்டு வந்து வச்சா சும்மா விடுவோமா?

முடியாத காரியமும் இல்லை. 6.1 கர்னல்ல ரஸ்ட் சேர்த்தப்பவே 'மேக் ரஸ்ட்அவைலபிள்'னு ஒரு கட்டளை கொடுத்தாங்க. ரஸ்ட் ஆப்ஷன் ஏன் வரலைன்னு அது வாயைத் திறந்து சொல்லும்: ரஸ்ட்சி இல்லை, பைண்ட்ஜென் பழசு, இப்படி. நேத்து வந்த ரஸ்டுக்குக் கிடைக்கிற மரியாதை, காலகாலமா இருக்கற ஸ்டாக் பாதுகாப்புக்கு ஏன் கிடையாது?

அதுவரைக்கும் ஒண்ணு பண்ணுங்க மக்களே. ஓல்ட்டெஃப்கான்ஃபிக் போட்ட கையோட பழைய கான்ஃபிக்கையும் புதுசையும் ஒரு தடவை ஒப்பிட்டுப் பாருங்க. உங்க வீட்டுலயும் ஒரு கதவு காணாமப் போயிருக்கலாம்.

பி.கு: அந்தப் பேக்கேஜைப் போட்டு மறுபடி கம்பைல் பண்ணியாச்சு. இந்தத் தடவை ஒப்பிட்டுப் பார்த்துட்டுத்தான் சாப்பிடப் போனேன்.