சைக்கிளில் வரும் விருந்தாளியும் பண்ணைக் கணக்கும்

பிரான்ஸ் நாட்டின் மிக நீளமான ஆறு லுவார். ஆயிரம் கிலோமீட்டருக்குச் சற்று மேலே ஓடி அட்லாண்டிக் கடலில் சேருகிறது. அதன் கரையோடு, நெவேர் நகரத்துக்குப் பக்கத்தில் ஆரம்பித்துக் கடல் வரைக்கும், சுமார் 900 கிலோமீட்டருக்கு ஒரு சைக்கிள் பாதை போட்டு வைத்திருக்கிறார்கள். 'லுவார் ஆ வெலோ' என்று பெயர், அதாவது சைக்கிளில் லுவார். அட்லாண்டிக்கிலிருந்து கருங்கடல் வரை போகும் யூரோவெலோ 6 என்ற நெடும்பாதையில் இதுவும் ஒரு துண்டு. போன ஜூனில் மகள் வீட்டுக்குப் போனபோது, பிளுவா என்ற ஊரிலிருந்து ஆன்ஜே வரை அதில் ஆறு நாள் மிதித்தேன். (நடவு நேரத்தில் பண்ணையை விட்டுட்டு ஊர் சுற்றினாயா என்று கேட்காதீங்க. நான் குறுவை போடுவதில்லை.)

பாதை பெரும்பாலும் சமதளம். அறுபத்தாறு வயசுக்காரன் மூச்சு வாங்காமல் ஓட்டலாம். பல இடங்களில் அது போவது ஆற்றின் வெள்ளக்கரை மேலே. அந்தக் கரைகளுக்கு 12ஆம் நூற்றாண்டிலிருந்து சரித்திரம் உண்டு. வெள்ளத்தைத் தடுக்கக் கட்டிய மண்கரை, இப்போது சைக்கிள்காரருக்கும் உதவுகிறது. வாகனம் குறைவாக ஓடும் கிராமச் சாலைகளையும் அப்படியே சேர்த்துக்கொண்டார்கள். புதிதாக நிலம் எடுத்தது குறைவு, இருந்ததை இணைத்ததுதான் அதிகம். முனைக்கு முனை பச்சை அம்புக்குறிப் பலகை. கோடையில் ஆற்றோரம் ஓடும் ரயிலில் சைக்கிள் ஏற்றத் தனிப் பெட்டியே இணைக்கிறார்கள்.

நம்ம இதழில் இதை எழுதக் காரணம், பண்ணைச் சுற்றுலா பற்றி நம்மிடையே நடக்கும் பேச்சு. இயற்கை விவசாயத்துக்கு வரும் இளைஞர்களில் பாதிப்பேர், மண் தயாராவதற்கு முன்னாலேயே, "சார், நாலு காட்டேஜ் போடலாம்னு இருக்கேன், லோன் கிடைக்குமா?" என்று கேட்கிறார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் வங்கியில் கடன் மனுக்களைப் பார்த்தவன் என்பதால் என்னைக் கேட்கிறார்கள். என் கருத்து, அந்தக் கடன் வேண்டாம் என்பதுதான். அதற்கு லுவார் கரையில் பார்த்ததை வைத்தே காரணம் சொல்கிறேன்.

அங்கே முதலில் வந்தது பாதை. ஆட்கள் வந்தது அதற்குப் பிறகு. அறைகள் கடைசியில்தான். பாதையைப் போட்டது உழவர் இல்லை, மாநில அளவிலான இரண்டு பிராந்திய நிர்வாகங்களும் அவற்றுக்குக் கீழே உள்ள உள்ளாட்சிகளும். விவசாயி தன் பங்குக்குச் செய்தது, வாசலில் ஒரு பலகை மாட்டியதுதான். அந்தப் பலகைக்கு 'அக்கேய் வெலோ' என்று பெயர். சைக்கிள்காரருக்கு இங்கே வரவேற்பு உண்டு என்று அர்த்தம். இது கிடைக்க நிபந்தனைகளைப் பாருங்க: தங்குமிடம் பாதையிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். சைக்கிளைப் பூட்டி வைக்க இடம், பஞ்சர் ஒட்டவும் சின்னப் பழுது பார்க்கவும் சாமான், மிதிக்கிறவன் வயிறு நிறையக் காலைச் சாப்பாடு, வழித் தகவல். நீச்சல் குளம் கேட்கவில்லை. ஏசி கேட்கவில்லை. வைக்கோல் போர் வைத்திருந்த கொட்டகையில் ஒரு பூட்டு போட்டாலே முதல் நிபந்தனை முடிந்தது.

அறைக்கும் அவர்கள் புதுக் கட்டடம் கட்டவில்லை. கிராமத்தை விட்டு ஜனங்கள் பட்டணம் போனதில் பாழாகக் கிடந்த வீடுகளைப் பழுது பார்த்து வாடகைக்கு விடும் 'ழீத்' என்ற முறை அங்கே 1951லேயே ஆரம்பமானது. 1955ல் அதற்குத் தேசியக் கூட்டமைப்பே வந்துவிட்டது. நான் தங்கிய இடங்களில் ஒன்று பழைய குதிரை லாயம், இன்னொன்று மாமியார் இருந்த அறை. சுவர் ஏற்கெனவே நின்றது, கூரையும் குளியலறையும்தான் செலவு.

இப்போது நம்ம காட்டேஜ் கணக்கு. நாலுக்கு 40 லட்சம் என்று வையுங்கள். இது பயிர்க்கடன் இல்லை, ஒழுங்காகக் கட்டினால் 4 சதவிகிதம் என்ற சலுகை கிடைக்காது. 11 சதவிகிதம் என்றால், முதல் வருஷ வட்டி மட்டும் மாசம் 36,000 ரூபாய்க்கு மேலே. ஓர் அறை ஓர் இரவுக்கு 2,500 ரூபாய் என்றால், மாசத்தில் 15 அறை நிரம்பினால்தான் வட்டி அடைபடும். அசல், கரண்ட், துணி வெளுப்பு, சமையல் ஆள் கூலி எல்லாம் அதற்குப் பிறகு. பரீட்சை மாசத்தில் யார் வருவார்? மழைக்காலத்தில்? விளைச்சல் பொய்த்தால் அடுத்த போகம் உண்டு, தவணை பொய்த்தால் வங்கி போகம் பார்க்காது. நானே நோட்டீஸ் அனுப்பியவன், அதனால் சொல்கிறேன்.

இன்னொன்றும் கவனித்தேன். பாதையில் போகிறவர் காரில் வருகிறவரைப் போல இல்லை. ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது கிலோமீட்டர்தான் போவார், ஆகவே வழியில் நாலு இடத்தில் நிற்பார். பசி அதிகம். பையில் இடம் குறைவு. இந்தப் பை விஷயம்தான் விவசாயிக்கு முக்கியம். அவருக்கு ஒரு கிலோ தக்காளி விற்க முடியாது. கெடாத, எடை குறைந்த, கை அகலப் பொருள்தான் அவர் வாங்குவார்.

சோமுர் பக்கத்தில் துர்கான் என்று ஒரு கிராமம். மென்மையான சுண்ணாம்புக் கல் மலையைக் குடைந்து வீடும் கிடங்குமாக வைத்திருக்கிறார்கள். அங்கே 'அடித்த ஆப்பிள்' என்று ஒரு பண்டம். ஆப்பிளைத் தோல் சீவி, குகை அடுப்பில் நாள் கணக்கில் உலர்த்தி, பிறகு தட்டித் தட்டையாக்குகிறார்கள். வருஷக் கணக்கில் கெடாது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஃபில்லாக்ஸெரா என்ற வேர்ப்பேன் வந்து திராட்சைத் தோட்டங்கள் அழிந்தபோது, அந்த ஊருக்குச் சோறு போட்டது இதுதான். பிற்பாடு வழக்கொழிந்து போனதை மீண்டும் கொண்டுவந்து, இன்றைக்கு வருகிறவருக்குச் செய்து காட்டி விற்கிறார்கள். ஆந்த்ர் ஆற்றோரம் ரிவாரென் என்ற ஊரில் பேரிக்காயில் இதே வேலை. நம்ம மாவடு, சுண்டை வற்றல், மோர்மிளகாய் எல்லாம் இதே ஜாதிதானே!

தூர் நகரத்துக்குத் தெற்கே சாந்த்-மோர் மேட்டு நிலத்தில் வெள்ளாட்டுப் பாலில் ஒரு பாலாடைக்கட்டி செய்கிறார்கள். உருளை வடிவம், மேலே சாம்பல் பூச்சு, நடுவில் நீளவாக்கில் ஒரு ரை வைக்கோல். வைக்கோல் கட்டியை உடையாமல் தாங்கும். அந்த வைக்கோலிலேயே பொருளின் பெயரையும் உற்பத்தியாளர் அடையாளத்தையும் பொறிக்கிறார்கள். 1990ல் இதற்குப் பிறப்பிடப் பெயர்ப் பாதுகாப்பு கிடைத்தது. எந்த ஆட்டுப் பட்டியிலிருந்து வந்தது என்று ஒரு துண்டு வைக்கோல் சொல்கிறது. சான்றிதழுக்குக் கட்டுக்கட்டாகக் காகிதம் எழுதி அலுத்த நமக்கு இது பிடிக்கும்.

எல்லாம் தேன் என்று நினைக்க வேண்டாம். அந்த ஆற்றங்கரையில் நான்கு அணுமின் நிலையங்கள் இருக்கின்றன. திராட்சைத் தோட்டங்கள் கண்ணுக்கு அழகு, ஆனால் பிரான்சில் சிறு பரப்பில் நின்று பெரும் பங்கு மருந்தைக் குடிப்பது அந்தப் பயிர்தான். காலையில் தெளிப்பு நடக்கும் தோட்டத்தைத் தாண்டும்போது துண்டை மூக்கில் கட்டிக்கொண்டுதான் போனேன். ஆற்றுக்கு வடக்கே போஸ் சமவெளியில் கண்ணுக்கெட்டும் தூரம் கோதுமை, வரப்பில் ஒரு மரம் கிடையாது. சுற்றுலா வந்ததால் உழவர் பிழைத்துவிட்டார் என்றும் சொல்ல முடியாது. பிரான்சில் 1970ல் சுமார் 16 லட்சம் பண்ணைகள் இருந்தன. 2020 கணக்கெடுப்பில் 4 லட்சத்துக்கும் கீழே. பாதையோரம் இருப்பவருக்கு ஒரு துணை வருமானம், அவ்வளவுதான். அறை வாடகையை நம்பி ஆட்டை விற்றவர் யாரையும் நான் அங்கே பார்க்கவில்லை.

ஆனால் பாதைக்கும் அடியில் ஒரு விஷயம் இருக்கிறது. நம்ம ஆற்றங்கரைக்காரர்கள் காது கொடுத்துக் கேட்க வேண்டியது அதுதான். லுவாரில் மணல் அள்ளினார்கள், பல பத்தாண்டுகள். ஆற்றுப் படுகை தாழ்ந்தது. 1978 ஏப்ரல் 9ஆம் தேதி தூர் நகரத்தின் வில்சன் பாலம், 18ஆம் நூற்றாண்டுக் கல் பாலம், அடித்தளம் அரித்துத் தானாகவே சரிந்தது. 1980களின் கடைசியில் மேல் லுவாரில் அணை கட்ட வந்தபோது ஜனங்கள் அணைத்தளத்திலேயே போய் உட்கார்ந்து போராடினார்கள். 1994ல் 'லுவார் திட்டம்' வந்தது. பிரான்ஸ் முழுக்க ஆற்றின் நீரோட்டப் படுகையில் மணல் எடுக்கவும் அதே வருஷம் தடை வந்தது. 1998லிருந்து, மீன் ஏற வழி வேண்டும் என்று இருந்த அணைகளையே சிலவற்றை உடைத்தார்கள். இன்றைக்குக் கரையில் மிதிக்கிறவன் பார்க்கிற மணல் திட்டும், அதில் முட்டையிடும் ஆலாக் குருவியும் சும்மா வந்ததில்லை. சாயக் கழிவு ஓடுகிற, மணல் லாரி ஓடுகிற கரையில் எவ்வளவு நல்ல பாதை போட்டாலும் எவன் வந்து மிதிப்பான்?

ஆகவே அரசிடம் நாம் கேட்க வேண்டியது காட்டேஜுக்கு மானியம் இல்லை. வாய்க்கால் கரையும் ஆற்றுக்கரையும் ஆள் நடக்க, சைக்கிள் போகத் தோதாக இருக்கட்டும். கழிவு நிற்கட்டும். வழிகாட்டிப் பலகை வைக்கட்டும். கிராமசபையில் ஒரு தீர்மானம் போடக் காசு ஆகாது.

லுவார் பாதையில் ஆங்காங்கே தானாக எண்ணும் கருவி வைத்து, ஒரு நாளில் எத்தனை சைக்கிள் போனது என்று கணக்கெடுக்கிறார்கள். நமக்குக் கருவி வேண்டாம், ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். சித்திரையில் ஒரு மாசம், ஐப்பசி அடைமழையில் ஒரு மாசம், உங்கள் பண்ணை வாசலைத் தாண்டி வெளியூர்க்காரர் எத்தனை பேர் போகிறார், எத்தனை பேர் நிற்கிறார், என்ன கேட்கிறார் என்று எழுதுங்கள். மோர் கேட்டாரா, இளநீர் கேட்டாரா, கழிப்பறை கேட்டாரா? நான் பந்தயம் கட்டுகிறேன், கழிப்பறைதான் முதலில் வரும். அதைக் கட்ட வங்கிக்கு வர வேண்டியதில்லை.