ஆள் பாதி, ஆடை பாதி: கணினிக்குமா?

பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி

“ஆள் பாதி, ஆடை பாதி” என்பது நம் நாட்டுப் பழமொழி. மனிதருக்குச் சொன்ன இந்த வார்த்தை கணினிக்கும் பொருந்துமா? சென்ற கோடை விடுமுறையில் எங்கள் வீட்டில் இரண்டு வாரம் நடந்த வழக்கு இதுதான். வழக்காடியவர்கள் நானும் என் அண்ணனும். நீதிபதி அம்மா. ஏனெனில் பணம் அம்மாவின் சீட்டுப் பணம்.

அண்ணன் பொறியியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறார். நானும் மேல்நிலை வகுப்பில் கணினி அறிவியல் எடுக்க ஆசைப்படுகிறேன். எனவே இருவருக்கும் பொதுவாக ஒரு கணினியை, உதிரிப் பாகங்களாக வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொள்வது என்று முடிவாயிற்று. சீட்டு எடுத்ததில் கைக்கு வந்த தொகை 48,000 ரூபாய். அண்ணன் எழுதிக்கொண்டு வந்த பட்டியலைப் பார்த்தேன். கேபினெட்டுக்கு மட்டும் 11,500 ரூபாய் என்றிருந்தது! அதே கடையில், முன்புறம் வலையடித்த, மின்விசிறிகளோடு கூடிய சாதாரண கேபினெட் 3,800 ரூபாய்க்குக் கிடைத்தது.

“வெறும் தகரப் பெட்டிக்கு எதற்கண்ணா இன்னும் 7,700 ரூபாய்?” என்று கேட்டேன்.

“இது மாடுலர் கேபினெட். உனக்குப் புரியாது” என்றார்.

புரியாது என்று சொன்ன பிறகு சும்மா இருக்க முடியுமா, தோழியரே? படித்துப் பார்த்தேன். படித்ததையும் எனக்குத் தோன்றியதையும் இங்கே எழுதுகிறேன்.

சாதாரண கேபினெட்டில் ஹார்ட் டிஸ்க் வைக்கும் தட்டு, மேல்மூடி, உட்சுவர் ஆகியவை பெரும்பாலும் ரிவெட் அடித்து நிலையாக இருக்கும். மாடுலர் கேபினெட்டிலோ இவற்றைக் கழற்றலாம், இடம் மாற்றலாம், வேறு பாகம் வாங்கிச் சேர்க்கலாம். 2015 ஆம் ஆண்டில் தைவான் நாட்டுக் கூலர் மாஸ்டர் நிறுவனம் ‘மாஸ்டர்கேஸ் 5’ என்ற கேபினெட்டை இப்படித்தான் வெளியிட்டது. சாதாரண வகை சுமார் 110 டாலர்; கூடுதல் பாகங்கள் கொண்ட ‘புரோ’ வகை சுமார் 140 டாலர். இரண்டுக்கும் எலும்புக்கூடு ஒன்றே. முதலில் எளிய வகையை வாங்கிவிட்டு, கையில் காசு சேரும்போது மற்றப் பாகங்களை ஒவ்வொன்றாக வாங்கிக்கொள்ளலாம். நல்ல யோசனைதான், மறுப்பதற்கில்லை.

இதைப் படித்தபோது எனக்கு நம் பள்ளிச் சீருடை நினைவுக்கு வந்தது. ஆறாம் வகுப்பில் சேரும்போது அம்மா என் பாவாடையின் விளிம்பை நான்கு விரற்கடை உள்ளே மடித்துத் தைக்கச் சொன்னார்கள். நான் வளர வளர அந்த மடிப்பைப் பிரித்துவிட்டோம். ஒரே பாவாடை இரண்டு ஆண்டு வந்தது. மாடுலர் கேபினெட்டும் ஒருவகையில் மடித்துத் தைத்த பாவாடைதான். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. நான் வளருவேன் என்பது உறுதி. மடிப்புக்குப் போன துணியின் விலையும் சொற்பம். கணினி அப்படி வளருமா? வளர்ந்தாலும் எந்தப் பக்கம் வளரும்?

அண்ணன் சொன்ன முதல் காரணம், “நாளைக்கு மதர்போர்டை மாற்றினால் கேபினெட்டையும் மாற்ற வேண்டிவரும்” என்பது. இது சரியன்று. 1995 ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனம் ஏ.டி.எக்ஸ். என்ற அளவு முறையை வகுத்தது. அதன்படி முழு அளவு மதர்போர்டு 305 மில்லிமீட்டர் நீளமும் 244 மில்லிமீட்டர் அகலமும் கொண்டது. திருகுத் துளைகள் எங்கெங்கே இருக்க வேண்டும் என்பதும் அதில் அடங்கும். பின்னர் வந்த மைக்ரோ ஏ.டி.எக்ஸ். போர்டு 244 மில்லிமீட்டர் சதுரம். அதுவும் அதே கேபினெட்டில் உட்காரும். முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் இந்த அளவு மாறவில்லை. பழைய கேபினெட்டில் இன்றைய நீளமான கிராபிக்ஸ் கார்டு இடிக்கலாம், காற்றோட்டம் போதாமற் போகலாம். ஆனால் போர்டு பொருந்தும். அதாவது, 3,800 ரூபாய் கேபினெட்டும் பிறவியிலேயே மாடுலர்தான்! யார் செய்த போர்டையும் யார் செய்த பெட்டியிலும் பூட்டலாம் என்ற பெரிய வசதியை நாம் கூடுதலாக ஒரு காசும் கொடுக்காமலே பெற்றிருக்கிறோம்.

இரண்டாவது, எங்கள் வீட்டு அடுக்குக் கேரியரைப் பாருங்கள். நான்கு தட்டில் ஒன்று தொலைந்துவிட்டது. கடைக்குப் போய் ஒரு தட்டு மட்டும் வாங்க முடியுமா? வேறு கம்பெனித் தட்டு அதில் உட்காராது. மாடுலர் கேபினெட்டின் தட்டும் மூடியும் அப்படித்தான். அந்த நிறுவனம் அந்த மாதிரியைத் தயாரிக்கும் வரையில்தான் புதிய பாகம் கிடைக்கும். பிறகு, நாம் அதிக விலை கொடுத்து வாங்கிய ‘வருங்கால வசதி’ வெறும் நினைவாகிவிடும். ஏ.டி.எக்ஸ். எல்லாருக்கும் பொதுவான மொழி. இதுவோ ஒரு வீட்டார் மட்டும் தமக்குள் பேசிக்கொள்ளும் மொழி.

மூன்றாவது, எதை இடம் மாற்றுவதற்காக இந்த ஏற்பாடோ அந்தப் பொருள்களே குறைந்துவருகின்றன. முன்பெல்லாம் சி.டி. போடுவதற்கு ஓர் அறை, ஹார்ட் டிஸ்க்குகளுக்கு அறைகள் என்று வேண்டியிருந்தன. இப்போது எம்.2 வகை எஸ்.எஸ்.டி. வந்துவிட்டது. 22 மில்லிமீட்டர் அகலம், பொதுவாக 80 மில்லிமீட்டர் நீளம், மதர்போர்டிலேயே படுத்துக்கொள்கிறது. அதற்குத் தட்டும் வேண்டாம், அறையும் வேண்டாம்.

அப்படியானால் மாடுலர் கேபினெட்டே வீண் என்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் தெருவில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கும் மாமா கல்யாண வீடியோக்களை ஆண்டுக்கணக்கில் சேர்த்து வைத்திருக்கிறார். ஆண்டுக்கு ஒன்றாவது புதிய ஹார்ட் டிஸ்க் வாங்குகிறார். 2020 இல் சுவீடன் நாட்டு ஃப்ராக்டல் டிசைன் வெளியிட்ட ‘டிஃபைன் 7’ போன்ற கேபினெட் அவருக்கு ஏற்றது. உட்சுவரை நகர்த்தி அமைத்தால் அதில் 14 ஹார்ட் டிஸ்க்குகள் வைக்கலாம். ஆனால் பெட்டியோடு வரும் தட்டுகள் 6 தான். மற்றவற்றைத் தனியே வாங்க வேண்டும். அவருடைய தேவை ஆண்டுதோறும் வளர்வது உறுதி. எனவே அவருக்கு அந்த விலை தகும்.

இன்னொரு செய்தியும் என்னைச் சிந்திக்க வைத்தது. 2025 இல் அமெரிக்காவின் ஃப்ரேம்வொர்க் நிறுவனம் ஒரு சிறு மேஜைக் கணினியை அறிவித்தது. அதன் முகப்பில் 21 சிறு சதுர ஓடுகள். விரும்பிய வண்ணத்தில் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் உள்ளே ராம் போர்டோடு பற்றவைக்கப்பட்டது, கழற்ற இயலாது. வேகத்துக்காக அப்படிச் செய்ததாகக் காரணம் சொல்கிறார்கள், இருக்கட்டும். எனினும் முகத்தை மாற்றலாம், மூளையை வளர்க்க முடியாது என்றால் எது உண்மையான மாடுலர்? ஆயினும் அதன் போர்டு மினி ஐ.டி.எக்ஸ். என்ற பொது அளவான 170 மில்லிமீட்டர் சதுரம். எனவே வேறு கேபினெட்டிலும் பொருந்தும். என்னைக் கேட்டால், 21 ஓடுகளை விட இந்த ஒரு குணமே மேலானது.

இரு தரப்பையும் கேட்ட அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள். “இதிலே எதைக் கழற்றி எதை மாட்டப்போறே? எப்போ மாட்டப்போறே? எழுதிக் காட்டு.” அண்ணன் தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். அரைமணி நேரத்துக்குப் பிறகு அதில் ஒரே வரிதான் இருந்தது: இன்னொரு ஹார்ட் டிஸ்க். சாதாரண கேபினெட்டிலேயே இரண்டுக்கு இடம் உண்டு. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. தம் நண்பர்களிடம் காட்டி மகிழ நினைத்த பொருள் அல்லவா அது?

மிச்சமான பணத்தில் தரமான எஸ்.எம்.பி.எஸ். ஒன்றும் யு.பி.எஸ். ஒன்றும் வாங்கினோம். எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் கொடுப்பது எஸ்.எம்.பி.எஸ். அது மட்டமானதாக இருந்தால் மற்றவையும் பாழாகலாம். அடுத்த வாரமே மாலையில் மின்சாரம் போயிற்று. அண்ணனின் கல்லூரி வேலை பாதியில் நின்றது. யு.பி.எஸ். இருந்ததால் சேமித்துவிட்டு நிதானமாக அணைத்தார். என்னைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தார்.

நேர்மையாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பூட்டும்போது எங்கள் மலிவுக் கேபினெட்டின் கூரான உள்விளிம்பு அண்ணனின் விரலைக் கிழித்துவிட்டது. “பார்த்தாயா? விலை கொடுத்திருந்தால் விளிம்பை மடித்திருப்பான்!” என்றார். அது நியாயமான பேச்சு. நல்ல தகடு, மழித்த விளிம்பு, தாராளமான காற்றோட்டம் ஆகியவற்றுக்குக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம். அவை வாங்கிய நாள் முதல் பயன்படுகின்றன. என்றோ ஒரு நாள் பயன்படலாம் என்பதற்குத்தான் அள்ளிக்கொடுக்கக் கூடாது.

ஆகவே தோழியரே, உங்கள் வீட்டில் கணினி வாங்கும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். எதை மாற்றப்போகிறோம்? எப்போது மாற்றப்போகிறோம்? அன்றைக்கு அந்தப் பாகம் கடையில் கிடைக்குமா? மூன்றுக்கும் தெளிவான விடை இருந்தால் மாடுலர் கேபினெட்டைத் தயங்காமல் வாங்குங்கள். இல்லையென்றால் பெட்டிக்கு மொத்தப் பணத்தில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் கொடுக்க வேண்டாம் என்பது என் தாழ்மையான கருத்து.

மனிதருக்கு ஆள் பாதி, ஆடை பாதியாக இருக்கட்டும். கணினிக்கு ஆள் ஏழு பங்கு, ஆடை ஒரு பங்கு போதும்!