முதலில் மழைநீர்த் தொட்டி, பிறகு நீச்சல் குளம்



நம் சங்கத்துக் குடும்பங்களில் இப்போது புதிதாக ஓர் ஆசை தலைகாட்டுகிறது. தங்கவயலில் பிறந்து வளர்ந்து, பெங்களூரிலும் வளைகுடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் நல்ல நிலைக்கு வந்துவிட்ட நம் பிள்ளைகள், வீடு கட்ட வரைபடம் போடும்போதே கொல்லைப்புறத்தில் ஒரு நீச்சல் குளத்தையும் வரைந்து விடுகிறார்கள். ரயில்வேயில் ஒர்க்ஸ் பிரிவில் ஸ்டேஷன்களுக்கும் காலனிகளுக்கும் தண்ணீர் கொடுக்கும் வேலையில் பல்லாண்டுகள் இருந்தவன் என்பதால், "குளம் கட்டலாமா சார்?" என்று என்னிடமும் சிலர் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எல்லோருக்குமாக இங்கே எழுதுவது நல்லது என்று தோன்றியது.

நான் நீச்சல் குளத்துக்கு எதிரி அல்லன். உழைத்துச் சம்பாதித்தவர்கள் தங்கள் பிள்ளைகள் தண்ணீரில் விளையாட வேண்டும் என்று ஆசைப்படுவதில் தவறு ஏதும் இல்லை. ஆனால் ரயில்வேயில் நாங்கள் கற்ற பாடம் ஒன்று உண்டு. பாதை போடுவது ஒருமுறை, பராமரிப்பது என்றென்றும். குளத்துக்கும் இது பொருந்தும்.

தண்ணீர் விஷயத்தில் நம் ஊரின் வரலாறு எல்லோருக்கும் தெரிந்ததே. வட ஆற்காட்டிலிருந்து, பாலாற்றுப் பக்கத்து ஊர்களிலிருந்து, சுரங்க வேலைக்கு வந்த நம் முன்னோரில் பலர் இங்கேயும் பாலாற்றுத் தண்ணீரையே குடித்தார்கள். பேத்தமங்கலம் ஏரியிலிருந்து குழாய் வழியாக அது வந்தது. லைன் வீட்டுப் பெண்கள் பொதுக்குழாயடியில் குடங்களை வரிசையில் வைத்துக் காத்திருந்து வளர்த்த குடும்பங்கள்தாம் நம்முடையவை. அதே ஊரில் பூமிக்கடியில் நிலைமை நேர்மாறு. மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போன சுரங்கத்தில் ஊறும் நீரை இரவு பகலாகப் பம்பு வைத்து வெளியேற்ற வேண்டியிருந்தது. 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. பம்புகள் நின்றபின் சுரங்கங்களில் நீர் நிறைந்துவிட்டது. மேலே இருக்கும் நமக்கோ இன்றும் போர்வெல்லும் டேங்கர் லாரியும்தான். கோலார் மாவட்டத்தில் ஆயிரம் அடி தோண்டியும் தண்ணீர் காணாத போர்வெல்கள் உண்டு. வறண்ட ஏரிகளை நிரப்ப, பெங்களூரின் கழிவுநீரைச் சுத்திகரித்து 2018 முதல் கொண்டுவருகிறார்கள் என்றால் நம் நிலைமை புரியும்.

இப்போது கணக்குக்கு வருவோம். எட்டு மீட்டர் நீளம், நான்கு மீட்டர் அகலம், சராசரி 1.35 மீட்டர் ஆழம் என்று நடுத்தரக் குளம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அது நிறைய சுமார் 43,000 லிட்டர் வேண்டும். கிராமப்புறங்களில் குழாய் நீர் கொடுக்கும் மத்திய அரசின் திட்டத்தில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று அளவு வைத்திருக்கிறார்கள். அதன்படி பார்த்தால், அந்த நீர் ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு ஐந்து மாதத்துக்குப் போதும்.

"ஒருமுறை நிரப்பினால் போதுமே" என்று சிலர் நினைக்கலாம். அப்படி அல்ல. நம் பகுதி வெயிலிலும் காற்றிலும் நாளொன்றுக்கு ஆறு மில்லிமீட்டர் நீர் ஆவியாகிறது என்று வைத்துக்கொண்டால், இந்தக் குளம் தினமும் 190 லிட்டரைச் சும்மா இழக்கும். மூன்று பேருக்கு மேல் பயன்படக்கூடிய நீர் அது. ஆண்டுக்கு எழுபதாயிரம் லிட்டர் ஆகும். குளத்தின் மேலேயே விழும் மழையைக் கழித்தாலும் ஐம்பதாயிரத்துக்குச் சற்றுக் குறைவாக வெளியிலிருந்து ஊற்றியாக வேண்டும். மணல் ஃபில்டரைப் பின்னோட்டம் விட்டுக் கழுவும் ஒவ்வொரு முறையும் சில நூறு லிட்டர் சாக்கடைக்குப் போவது தனிக்கணக்கு.

சரி, இந்த நீர் எங்கிருந்து வரும்? ஆண்டுக்கு ஏறத்தாழ 700 மில்லிமீட்டர் மழை பெய்யும் இடத்தில் நூறு சதுர மீட்டர் கூரையிலிருந்து ஐம்பதாயிரம் லிட்டருக்கு மேல் சேர்க்கலாம். ஆக, கூரை மழை முழுவதையும் சேமித்தால் குளத்தின் இழப்பை ஈடுகட்டலாம். அதை விட்டுவிட்டுப் போர்வெல்லையோ டேங்கரையோ நம்பினால், பக்கத்து வீட்டுக்காரரின் குடத்திலிருந்து எடுத்து நம் குளத்தில் ஊற்றுவதாகவே முடியும். இதனால்தான் முதலில் மழைநீர்த் தொட்டி, பிறகு நீச்சல் குளம் என்கிறேன். தொட்டி கட்ட இடமோ பணமோ இல்லை என்றால், குளத்துக்கும் இல்லை என்றே கொள்ள வேண்டும்.

இது வெறும் பேச்சு அல்ல என்பதற்கு 2024 மார்ச் மாதமே சான்று. பெங்களூரில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது, நீச்சல் குளங்களுக்குக் குடிநீரைப் பயன்படுத்தக் கூடாது என்று குடிநீர் வாரியம் தடை போட்டு, மீறினால் ஐயாயிரம் ரூபாய் அபராதம் என்றும் அறிவித்தது. இலட்சக்கணக்கில் செலவழித்துக் கட்டிய குளம், மிகவும் தேவைப்படும் கோடையில்தான் பயன்படாமல் போகும்.

இத்தனைக்கும் பிறகு கட்டுவது என்று முடிவு செய்தவர்களுக்குச் சில யோசனைகள். கான்கிரீட், ஆயத்த ஃபைபர் கிளாஸ் தொட்டி, வினைல் விரிப்பு என்று மூன்று வகைகள் உண்டு. கான்கிரீட் நீண்ட நாள் உழைக்கும். எந்த வடிவத்திலும் கட்டலாம். ஆனால் நீர்க்காப்புப் பூச்சில் கஞ்சத்தனம் கூடாது. ஃபைபர் தொட்டியைச் சீக்கிரம் பதிக்கலாம்; ஆனால் முழுத் தொட்டியும் கிரேனும் உள்ளே வர வழி வேண்டும். வினைல் விரிப்பைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டிவரும். நிலத்தடி நீர் மேலே இருக்கும் ஊர்களில் மழைக்காலத்தில் குளத்தைக் காலி செய்யக் கூடாது. கீழிருந்து வரும் அழுத்தம் குளத்தையே மேலே தூக்கிவிடும். தங்கவயல் பக்கம் மனை வாங்கியவர்கள், அடியில் பழைய சுரங்க வேலை ஏதும் நடந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ளாமல் தோண்ட வேண்டாம்.

ஆழம் நாலரை அடிக்கு மேல் வேண்டியதில்லை. பயன்படுத்தாத நேரத்தில் மூடி வைக்க ஒரு விரிப்பு கட்டாயம் வேண்டும். ஆவியாவது பெருமளவு குறையும். ஒரு குதிரைத்திறன் மோட்டார் எட்டு மணி நேரம் ஓடினால் நாளுக்கு ஆறு யூனிட், மாதம் 180 யூனிட் மின்சாரம். குளோரினைப் பத்து இலட்சத்தில் ஒன்று முதல் மூன்று பங்குக்குள்ளும், காரகாடி அளவை 7.2க்கும் 7.8க்கும் இடையிலும் வைக்க அடிக்கடி சோதிக்க வேண்டும். குளோரின் தூளையும் ஆசிட்டையும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள்; கலந்தால் விஷவாயு கிளம்பும்.

எல்லாவற்றுக்கும் மேலானது உயிர். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021இல் மட்டும் உலகில் சுமார் மூன்று இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர். இவர்களில் ஏறத்தாழ கால்பங்கினர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். ஆஸ்திரேலியாவில் வீட்டுக் குளத்துக்குக் குறைந்தது 1.2 மீட்டர் உயர வேலியும் தானே மூடிக்கொள்ளும் கதவும் சட்டப்படி கட்டாயம். அங்குள்ள நம்மவர்கள் அதைப் பின்பற்றுகிறார்கள். அவர்களே இங்கே கட்டும்போது மட்டும் "அழகு கெடும்" என்று வேலியை விட்டுவிடலாமா? பேரப்பிள்ளை எல்லா ஊரிலும் பேரப்பிள்ளைதான். நீரை உறிஞ்சும் வாய்கள் தரையில் இரண்டாக, பாதுகாப்பு மூடியுடன் இருக்கட்டும். மின்கசிவு ஏற்பட்டால் உடனே துண்டிக்கும் சுவிட்சும் பொருத்துங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நீந்தத் தெரிவது சொகுசு அல்ல, தற்காப்பு. கோடை விடுமுறையில் ஏரியிலும் கல்குவாரிக் குட்டையிலும் இறங்கும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்குத்தான் அது அதிகம் தேவை. பத்து வீட்டில் பத்துக் குளம் இருந்தால் பத்துக் குடும்பங்கள் மட்டும் நனையும். அந்தப் பணத்தில் ஒரு பங்கு சேர்ந்தாலும், பயிற்சியாளரோடு, பெண்களுக்குத் தனி நேரத்தோடு, மழைநீர்ச் சேமிப்போடு, தங்கவயல் பிள்ளைகள் எல்லோரும் குறைந்த கட்டணத்தில் கற்றுக்கொள்ளும் பொதுக் குளம் ஒன்றுக்கு வழி பிறக்கும். வான்சிறப்பைக் கடவுள் வாழ்த்துக்கு அடுத்து வைத்தார் வள்ளுவர். அவர் பெயரைச் சொல்லி விழா எடுக்கும் நாம், அடுத்த பொதுக்குழுவில் இதைப் பற்றியும் பேசலாம். அன்பர்கள் தங்கள் கருத்தை எழுதுங்கள்.