முற்பணம்: நாங்கள் குடுக்கிற வட்டியில்லாக் கடன்

திருநெல்வேலிப் பக்கம் ஒரு மேல்வீடு பாக்கப் போனம். இரண்டு அறை, ஒரு குசினி. போன வருசம் 30,000 ரூபாவுக்கு இருந்த வாடகை இப்ப 40,000. அதோட ஒரு வருச வாடகை முற்பணம்: 480,000 ரூபா. வீட்டை விட்டுப் போகேக்க திருப்பித் தருவினமாம். ஏன் இவ்வளவு எண்டு கேட்டதுக்கு வீட்டுக்கார அன்ரி சொன்னா: "என்ன தம்பி செய்யிறது, வரி கூடிப்போச்சு. லோனும் கட்டவேணுமெல்லே."

வரி, லோன். இந்த இரண்டு சொல்லையும் கேட்டவுடன் வாடகைக்கு வந்தவர்கள் வாயை மூடிக்கொள்கிறோம். ஒருக்கா கணக்குப் பார்ப்போம்.

முதலில் வரி. உள்நாட்டு இறைவரிச் சட்டப்படி வாடகை வருமானத்தில் 25 வீதத்தை, வீட்டின் திருத்த வேலை, தேய்மானம் என்று எந்தப் பற்றுச்சீட்டும் காட்டாமலே கழித்துக்கொள்ளலாம். அதுக்கு மேல் 2025 ஏப்ரலில் இருந்து தனிநபர் நிவாரணம் வருசத்துக்கு 18 இலட்சம் ரூபா. அப்படியெண்டால் வேறு வருமானம் இல்லாத ஒருவர் மாதம் 200,000 ரூபா வாடகை வாங்கினாலும் வருமான வரி ஒரு சதமும் இல்லை. 40,000 ரூபா மேல்வீட்டைப் பற்றிப் பேசவே தேவையில்லை.

சரி, அன்ரி உத்தியோகம் பாக்கிறா, மாதம் 150,000 ரூபா சம்பளம், நிவாரணம் முழுக்க அதிலேயே முடிஞ்சுது எண்டு வைப்பம். வருச வாடகை 480,000. கால்வாசி கழித்தால் 360,000. அதுக்கு முதற்படி வரி 6 வீதம், அதாவது வருசத்துக்கு 21,600, மாதத்துக்கு 1,800 ரூபா. கூட்டினது 10,000. மிச்சம் 8,200 எந்த வரி? உயர்ந்தபட்ச 36 வீதத்தில் நிற்கிறவருக்குத்தான் கணக்கு 10,800க்கு வரும். அவர் மாதம் மூன்றரை இலட்சத்துக்கு மேல் உழைக்கிறவர். அவருடைய வரியை 60,000 சம்பளக்காரப் பிள்ளை ஏன் கட்டவேணும்? வாடகைக் காசைக் கணக்கில் காட்டாமலே "வரி" எண்டு கூட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அதுக்கு எங்கட ஊரில் வேறு பெயர் இருக்கு.

இரண்டாவது லோன். இதில் உண்மையான வலி இருக்கிறது, மறுக்கவில்லை. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. மாறும் வட்டியில் கடன் எடுத்து மேல்வீடு கட்டின ஆசிரியர்மாரும் தாதிமாரும் நித்திரையில்லாமல் தவித்தார்கள். அந்தநேரம் வாடகை கூடினது விளங்குது. ஆனால் 2023 ஜூனில் இருந்து வட்டி இறங்கத் தொடங்கியது. எந்த வீட்டிலாவது வாடகை இறங்கினதோ? வீட்டை முதலீடு எண்டு சொன்னால் அதில் வாற நட்டமும் முதலீட்டாளருடையதுதான். இலாபம் அவைக்கு, வட்டி எங்களுக்கு எண்டால் அது முதலீடு இல்லை.

இனி யாரும் பேசாத விசயம்: முற்பணம். 480,000 ரூபாவை 8 வீதத்துக்கு நிலையான வைப்பில் போட்டால் வருசத்துக்கு 38,400 ரூபா வரும். கிட்டத்தட்ட ஒரு மாத வாடகை. ஆக நாங்கள் வருசத்துக்குப் பதின்மூன்று மாத வாடகை கட்டுகிறோம். வீட்டுக்காரர் அதே காசைத் தன் லோனில் கட்டினால் அவருக்கு மிச்சம் இன்னும் கூட. வங்கி அவருக்கு வட்டியோடு கடன் குடுக்குது, நாங்கள் வட்டியில்லாமல், பிணையில்லாமல் குடுக்கிறம்.

எங்கட பழைய ஒற்றி முறையை யோசித்துப் பாருங்கோ. காசு குடுத்தவர் வட்டிக்குப் பதிலாக வீட்டையோ காணியையோ அனுபவிப்பார். முதல் திரும்பி வரும்வரைக்கும் வாடகை இல்லை. இப்ப? காசையும் குடுத்து வாடகையும் கட்டி, போகேக்க "சுவரில ஆணி அடிச்சிருக்கிறீங்கள்" எண்டு கழிச்சுக்கொண்டு மிச்சத்தை வாங்குகிறோம், அதுவும் அடுத்த ஆள் முற்பணம் தந்த பிறகு.

1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேல் முற்பணம் வாங்கக்கூடாது என்று சொன்னது. எல்லா வீடும் அந்தச் சட்டத்துக்குள் வராது. ஆனாலும் எது நியாயம் என்பதற்கு ஓர் அளவு அதில் இருக்கிறது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னால் எழுதப்படவேண்டும் என்பதும் சட்டம்தான். எழுதக் கேட்டால் "எங்களில நம்பிக்கை இல்லையோ?" என்பார்கள். அவ்வளவு நம்பிக்கை இருந்தால் முற்பணம் எதுக்கு?

கேட்கவேண்டியது மூன்று விசயம். மூன்று மாதத்துக்கு மேல் முற்பணம் இல்லை. குடுத்த ஒவ்வொரு சதத்துக்கும் பற்றுச்சீட்டு. எப்ப, என்ன கழித்துத் திருப்பித் தரப்படும் எண்டு எழுத்தில். தனிய ஒருவர் கேட்டால் வீடு அடுத்த ஆளுக்குப் போகும், தெரியும். எங்களுக்கும் அந்த மேல்வீடு கிடைக்கேல்லை. அதாலதான் எல்லாரும் கேட்கவேணும் என்கிறோம். அடுத்த ஆளும் இதையே கேட்டால் அன்ரி யாருக்குக் குடுப்பா?